ஏவலும் பொருளும்: தந்திரோபாயக் கணினி விளையாட்டுகளின் செயற்பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

தந்திரோபாயக் கணினி விளையாட்டுகளை மதிப்பிடுவோர் அவற்றின் காட்சியழகையும் கதையமைப்பையுமே பெரிதும் நோக்குவர். ஆயின், ஆடுவோர் தம் படைக்குக் கட்டளையிடுவது திரையோரத்தில் உள்ள சில வினைச்சொற்கள் வாயிலாகவேயாம். அச்சொற்கள் தெளிவற்றனவாயின், வகுத்த உபாயம் சரியாயினும் படை அழியும். எனவே செயற்பெயரை வெறும் அலங்காரமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

1998 இல் வெளிவந்த ‘ஸ்டார்கிராப்ட்’ விளையாட்டில் ‘ஸ்டொப்’, ‘ஹோல்ட் பொசிஷன்’ என இரு கட்டளைகள் உள. முன்னதை ஏற்ற வீரன் நிற்பான்; எனினும் பகைவன் அணுகியதும் அவனைத் துரத்திச் செல்வான். பின்னதை ஏற்றவனோ நின்ற இடம்விட்டு அகலாது, தன் ஆயுதம் எட்டும் தூரத்தில் உள்ளோரையே தாக்குவான். குறுகிய வழியொன்றைக் காக்கும் படைக்கு இவ்வேறுபாடு உயிர்நாடியாகும். இரண்டாம் பெயர் தன் பொருளைத் தானே உரைக்கின்றது. முதற்பெயரோ நடைபெறும் செயலின் முடிவை மட்டும் கூறி, அதன்பின் நிகழ்வதைக் கூறாது விடுகின்றது.

2003 இல் தோன்றிய ‘பற்றில் ஃபோர் வெஸ்நோத்’ இவ்வகையில் மேலானது. புதிய வீரரைச் சேர்ப்பது ‘ரிக்ரூட்’. முன்னைய களத்தில் தப்பிப் பிழைத்த வீரரை அவர்தம் அனுபவத்தோடு மீண்டும் அழைப்பது ‘ரீகோல்’. முன்னதற்கு வீரரின் வகைக்கேற்ப விலை வேறுபடும். பின்னதற்கு வழமையாக 20 பொன். கதைத்தொடர் எதுவாயினும் இச்சொற்கள் பொருள் மாறுவதில்லை.

பழக்கத்தில் எல்லாம் தெளியும் என்பாருமுளர். ஆயின், இவ்விளையாட்டுகள் சோதிக்க வேண்டுவது ஆடுவோரின் தீர்க்கதரிசனத்தையேயன்றிச் சொற்பொருளை ஊகிக்கும் ஆற்றலையன்று.

தமிழாக்கத்தில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடையும். மேற்கூறிய இரண்டையும் ‘அழை’ என்றே பெயர்ப்பின் விதியே மயங்கும். ‘சேர்’, ‘மீள அழை’ எனப் பிரித்தல் தகும். ஓரிடத்தில் ‘தாக்கு’ எனவும் பிறிதோரிடத்தில் ‘காத்தல்’ எனவும் ஏவலையும் தொழிற்பெயரையும் கலப்பதும் குற்றமே. நன்னூலார் வினைப் பகாப்பதங்களை ஏவல் வடிவிலேயே எடுத்துக்காட்டினார். கட்டளைக்கு வேண்டிய குறுகிய, உறுதியான வடிவம் நம் மொழியில் இயல்பாகவே உண்டு என்பது இதனாற் புலனாகும்.

ஒரு செயலுக்கு ஒரு சொல், வேறு செயலுக்கு வேறு சொல், யாவும் ஒரே வாய்பாட்டில் என்னும் நெறி எளிதாகத் தோன்றலாம். அது பேணப்படாதவிடத்து, தமிழில் ஆட முனையும் இளைஞர் தம் தோல்விக்கு மொழியின் இயலாமையே காரணமென எண்ணி அதனைக் கைவிடுவர். பிழையோ பெயரிட்டோருடையது, பழி மொழிக்கு.