மூலையில் விழித்திருக்கும் குழந்தை

மலையகச் சிறுகதைகளில் குடிகாரத் தகப்பன் அடிக்கடி வருகிறான். சம்பள நாளன்று கசிப்பு வாடையோடு லயத்துக்குத் திரும்புகிறான். மனைவி அழுகிறாள். மூலையில் ஒரு குழந்தை விழித்திருக்கிறது. அக்குழந்தை அங்கே எதற்காக? வாசகரின் கண்ணீருக்காக மட்டுமே. முடிவில் தகப்பன் சாகிறான். அல்லது சத்தியம் செய்து திருந்துகிறான். குழந்தையை எழுத்தாளரே மறந்துவிடுகிறார். குடியைத் தனிமனிதனின் ஒழுக்கக் கேடாகக் காணும் இப்பார்வை யதார்த்தமன்று, வெறும் உபதேசம்.

மாற்றுப் பார்வையும் நம்மிடமே உண்டு. பதுளை மாவட்டத்தில் பிறந்து 2022-இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ அதற்குச் சான்று. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க நேர்ந்த குடும்பத்தின் அவலத்தைச் சொல்லும் அக்கதை, மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒற்றை அறை லயத்தையே ஏற்றுகிறது. பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே துன்பத்துக்கு ஆளானவர்களாகக் கண்டதே அதன் வெற்றி.

இப்பார்வையைக் குடிக்கும் பொருத்திப் பார்ப்போம். மடுல்சீமைத் தோட்டமொன்றில் ஒரு தாய் குடிக்கு அடிமையாகிவிட்டாள் என்று கொள்வோம். சிகிச்சை இல்லத்துக்குச் சென்று தங்கும்படி அவளிடம் சொல்கிறோம். பிள்ளையை யாரிடம் விடுவாள்? பிள்ளை மடுவம் வேலை நேரத்துக்கு மட்டுமே உரியது. தகப்பன் சென்றாலோ நாட்கூலி நின்றுவிடும். நலமாகி அவன் திரும்பினாலும், அவனைக் கண்டு ஒளிந்து பழகிய பிள்ளையின் அச்சத்துக்கு மருந்தில்லை. ‘திருந்த மனமில்லாதவர்கள்’ என்று நாம் பழிக்கும் பலர், மனமிருந்தும் வழியற்றவர்களே.

வழி காண முடியாததன்று. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய மருத்துவமனை, குடிநோயாளியின் குடும்பத்தையும் சிகிச்சையில் பங்கேற்க வைத்தது. ஸ்கொத்லாந்தில், சால்ட்கோட்ஸ் என்ற ஊரில், 2022-இல் திறக்கப்பட்ட ஹார்ப்பர் இல்லம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. போதைக்கு அடிமையான பெற்றோர் தம் பிள்ளைகளோடு வந்து தங்கிச் சிகிச்சை பெறலாம். ஒரே வேளையில் இருபது குடும்பங்கள் வரை தங்க இடமுண்டு. அங்கே சிகிச்சை பிள்ளையைப் பிரிப்பதில் தொடங்குவதில்லை. போதையின்றிப் பிள்ளையோடு வாழப் பழகுவதும் சிகிச்சையே.

1867-இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொத்லாந்துக்காரர்தாம். வெள்ளைத் துரைமார் நமக்கு விட்டுச் சென்றது ஒற்றை அறை லயம். அவர்கள் நாட்டுத் தாய்க்கு இன்று கிட்டும் உரிமை, கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஏன் கிட்டக்கூடாது? இதைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே கேட்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் தூங்கி விழும் சிறுவனைச் சோம்பேறி என்று தண்டிக்குமுன், அவன் இரவில் உறங்கினானா என்று கேட்போம். எழுத்தாளர்களும் இனித் தகப்பனின் சத்தியத்தோடு கதையை முடிக்கவேண்டாம். அந்தப் பிள்ளைக்கு நாளை என்ன ஆகும் என்று கேட்கும் கதையே மக்கள் இலக்கியமாகும்.