பிரேக்கை விடும் கலை: ரேஸிங் சிமுலேட்டரை ரசிப்பது எப்படி?

கிளிநொச்சியில் ஒரு பெடியனிடம் "ரேஸிங் சிமுலேட்டர் ஓடிப் பார்" என்று சொன்னால் இரண்டு பதில்தான் வரும். "அது சின்னப்பிள்ளையளின்ரை கேம்" என்பது ஒன்று. "ஓடிப் பார்த்தனான், கார் சுத்திக்கொண்டே நிக்குது" என்பது மற்றது. இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இவர்களைவிட மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது. கொம்பியூட்டரில் ஏற்கெனவே மூன்று சிமுலேட்டர் கிடக்க, விலைக்கழிவு வரும்போதெல்லாம் நாலாவதை வாங்கலாமா என்று கேட்பவர்கள் இவர்கள். மூன்று தரப்புக்கும் குறை ஒன்றுதான்: இதில் எதை ரசிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 மே 19ஆம் திகதி மக்ஸ் வெர்ஸ்டப்பன் இத்தாலியின் இமோலாவில் ஃபோர்முலா வன் பந்தயத்தை வென்றார். அதே வார இறுதியில் ஐரேசிங் சிமுலேட்டரில் நடந்த நூர்பர்க்ரிங் 24 மணிநேரப் போட்டியிலும் தன் அணியினரோடு முறைவைத்து ஓடினார். அங்கேயும் அவர்களுக்கே வெற்றி. கிரான் டூரிஸ்மோ கேமை விளையாடி 2011இல் ஜிடி அகடமி என்ற ஓட்டுநர் தேர்வுப் போட்டியில் தெரிவான யான் மார்டன்பரோ, 2013இல் லெ மோன்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். இதற்குப் பிறகும் சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, வவுனியா முதல் முல்லைத்தீவு வரை அந்த வீடியோ ஓடாத கைபேசி இல்லை. நல்லது, சந்தோசம். ஆனால் அந்தக் கார் ஒரு வளைவுக்குள் நுழையும்போது என்ன செய்தது என்று பார்த்தவர் எத்தனை பேர்? நாயகனைப் பார்த்தோம், ஓட்டத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கோ ஓடிப் பார்க்க வேறு வழியும் இல்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய காருக்கே காணி விலை சொல்கிறார்கள். மலையேற்றப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அங்கே மகாகஸ்தோட்டையில் 1934 முதல் நடக்கிறது. வன்னியில் பிறந்த ஒருவர் ஒரு காரை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்க இருக்கும் ஒரே வழி சிமுலேட்டர்தான். அதையும் விட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட் ஃபோர் ஸ்பீட் போன்ற கேம்கள் வேகத்தைக் காட்டுபவை. சிமுலேட்டர் என்பது ஒவ்வொரு ரயரும் வீதியை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பது. அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டர் அந்தக் கணக்கை வினாடிக்கு 333 தடவை போடுகிறது. பழக ஒரு சதமும் தேவையில்லை. லைவ் ஃபோர் ஸ்பீட் என்ற சிமுலேட்டரின் டெமோ இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ரேஸ்ரூமின் அடிப்படைப் பதிப்பும் இலவசம். கீபோர்ட்டில் ஓடாதீர்கள், ஸ்டியரிங் இல்லாவிட்டால் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தக்கூடிய ட்ரிகர் உள்ள கேம்பாட் போதும். மெதுவான காரை எடுங்கள். ஒரே பந்தயத்திடலில் ஓடுங்கள். சாரதியின் ஆசனத்திலிருந்து பார்க்கும் பார்வையை வையுங்கள். வீதியில் பச்சை, சிவப்பில் வழிகாட்டும் கோட்டை அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

இனி நான் சொல்லவந்த விஷயம். பிரேக் பிடிப்பது வேறு, பிரேக்கை விடுவது வேறு. சிமுலேட்டரின் முழு இன்பமும் இந்த இரண்டாவதில் இருக்கிறது. எல்லோரும் பிடிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: எந்த இடத்தில் பிடிப்பது, எவ்வளவு பிந்திப் பிடிப்பது. பிந்திப் பிடிப்பது துணிச்சல் உள்ள எவராலும் முடியும். விடுவதற்குத்தான் ஞானம் வேண்டும்.

பிரேக்கை மிதித்ததும் காரின் பாரம் முன்னுக்கு வருகிறது. முன் ரயர்கள் வீதியில் அழுந்துகின்றன, பின் ரயர்கள் இலேசாகின்றன. ஒரு ரயருக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் பிடிமானம் என்று ஓர் அளவு உண்டு. அதை நிறுத்தவும் செலவழிக்கலாம், திருப்பவும் செலவழிக்கலாம். இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டால், நிறுத்துவதற்குப் போய்க்கொண்டிருந்த பிடிமானம் அதே அளவில் திருப்புவதற்குக் கைமாறுகிறது. பாரம் முன்னால் இருப்பதால் காரின் மூக்கு வளைவின் உட்புறத்தைத் தேடிப் போகிறது. சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பி, முன் ரயர் பாரத்தை இழந்து, நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் கார் நேரே போகும். விடாமல் அழுத்திக்கொண்டே திருப்பினால், ஏற்கெனவே இலேசாகிவிட்ட பின்பக்கம் வெளியே வீசி கார் சுற்றும். "சுத்திக்கொண்டே நிக்குது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவர்களே, உங்கள் நோய்க்கு மருந்து இதுதான். கை குற்றம் செய்யவில்லை, கால்தான் செய்தது.

இது உங்களுக்குத் தெரியாத உணர்வும் அல்ல. ஏ9இல் வரும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும்போது கவனியுங்கள். கைதேர்ந்த சாரதி, பஸ் நிற்பதற்குச் சற்று முன்பு மிதியை இளக்குவார். நின்றுகொண்டு வருபவர் கம்பியைக்கூடப் பிடிக்கத் தேவையில்லை. மற்றவர் கடைசிவரை அழுத்தியே நிறுத்துவார். எல்லோரும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப்போவோம். இருவரும் ஒரே இடத்தில்தான் பிடித்தார்கள். வித்தியாசம் விட்டதில்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் லைவ் ஃபோர் ஸ்பீட் டெமோவைத் திறவுங்கள். மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய சிமுலேட்டர் அது. பிளாக்வுட் திடலில் ஓடிக்கொண்டு எஃப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு ரயரிலும் விழும் விசையைக் கோடுகளாகக் காட்டும். நீண்ட நேர்வழி முடிவில் வரும் சிக்கேன் என்ற இரட்டை வளைவில் பிரேக்கை மிதியுங்கள்: முன் ரயர்களின் கோடுகள் நீளும், பின் ரயர்களின் கோடுகள் சுருங்கும். பிறகு மெல்ல விட்டுக்கொண்டு திருப்புங்கள். பின்னோக்கி இழுத்த கோடு பக்கவாட்டுக்குச் சாய்வதைக் காண்பீர்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

கையால் உணரவேண்டுமானால் மொன்சாவுக்குப் போங்கள். 5.793 கிலோமீற்றர் திடல். அசெட்டோ கோர்சாவில் பழைய பிஎம்டபிள்யூ எம்3ஐ எடுத்துக்கொண்டு கடைசி வளைவான பரபோலிக்காவை மட்டும் கவனியுங்கள். 2021இல் அதற்கு இத்தாலிய ஓட்டுநர் மிக்கேலே அல்போரேட்டோவின் பெயரை வைத்தார்கள். வலது பக்கம் வளையும், நுழைவில் இறுக்கம், போகப்போக விரியும். ஓரத்துத் தூரப் பலகைகளைப் பார்த்து முதலில் நன்றாக மிதியுங்கள். திருப்பத் தொடங்கியதும் மிதியைப் பெருவிரலின் அழுத்தம் அளவுக்கு விட்டுக்கொண்டே வாருங்கள். ஸ்டியரிங் கனக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால், சடாரென்று இலேசாகும். ரயர் எல்லையை நெருங்கும்போது, பிடி முழுதாகப் போவதற்கு முன்னரே, சக்கரத்தை நேராக்க இழுக்கும் விசை குறையத் தொடங்குகிறது. அந்த இலேசு ரயர் தருகிற முன்னறிவிப்பு. அதை முதன்முதலில் உள்ளங்கையில் பிடித்தவர் பிறகு இந்தப் பக்கத்தைவிட்டுப் போகமாட்டார்.

விடுவதிலும் இரண்டு தரம் உண்டு. மொன்சாவின் முதல் சிக்கேன் போன்ற மெதுவான வளைவுக்கு, வளைவின் உட்புள்ளிவரை இழுத்து விடவேண்டும். வேகமான வளைவுக்குச் சுருக்கமாக விட்டு, காரை நிலைக்கு வரவிட்டு, அதன் பிறகு திருப்பவேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் கொஞ்சம் முரட்டுத்தனமாக விட்டாலும் பொறுக்கும். பின்சக்கரம் தள்ளும் கார் பொறுக்காது. ஒருவர் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள் என்றால் ஸ்டியரிங்கைப் பார்க்காதீர்கள், அவரின் காலைப் பாருங்கள். எவ்வளவு தேர்ந்தவர் என்று அங்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது ரயர். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் இண்டியானாபொலிஸ் ஃபோர்முலா வன் பந்தயத்தில் நாலாமிடம் வந்ததைப் பெருமையாகச் சொல்வோம். அன்றைக்கு ஓடியவை 6 கார்கள் மட்டுமே. மிஷலின் ரயர்கள் அந்தத் திடலின் சாய்ந்த கடைசி வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் திரும்பிப் போய்விட்டன. ஒரு ரயருக்காக உலகப் பந்தயம் ஒன்றே குலைந்தது என்றால், ரயரைக் கவனிக்காமல் பந்தயத்தை ரசித்தேன் என்பதில் என்ன பொருள்?

இப்போது விமர்சகர்களிடம் வருகிறேன். ஒரு புதிய சிமுலேட்டர் வந்தால் இவர்கள் எழுதுவது என்ன? எத்தனை கார், எத்தனை திடல், நனைந்த தாரில் வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது. பிரேக்கை விடும்போது கார் என்ன சொன்னது என்று ஒரு வரி இருக்காது. ஓடாமல் எழுதிய விமர்சனம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 400க்கு மேற்பட்ட கார்கள் கிரான் டூரிஸ்மோ 7இல் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படம் எடுத்துப் போடுவது முத்திரை சேர்ப்பது, ஓட்டம் அல்ல. மூன்று திரை, ஆளையே தூக்கி எறியும் விசையுள்ள ஸ்டியரிங், கையுறை என்று புதிய மோஸ்தர் வேறு. கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் அனுப்பிய காசில் இவ்வளவையும் பூட்டிவிட்டு, முதல் வளைவிலேயே நாலு பேரை இடித்துக்கொண்டு போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புகைபறக்க வழுக்குவதும் அப்படித்தான். பார்க்க அழகு, ரசனையில் மேலோட்டம்.

உண்மையான பரம்பரை வேறு. 1998இல் பப்பிரஸ் நிறுவனம் கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸை வெளியிட்டது. 1967ஆம் ஆண்டின் கார்கள்; காரை வீதியோடு அழுத்தும் இறக்கைகள் கிடையாது. பிரேக்கைத் தப்பாக விட்டால் அடுத்த கணம் புல்லில்தான். கடினம் என்று பலர் ஒதுக்கினார்கள், விற்பனை சரியில்லை. அதை உருவாக்கிய டேவிட் கேமர் பின்னர் இணைந்து தொடங்கியதுதான் 2008இல் வந்த ஐரேசிங். அசெட்டோ கோர்சாவின் குனோஸ் குழு ரோமுக்குப் பக்கத்தில் வல்லேலுங்கா பந்தயத்திடலிலேயே அலுவலகம் வைத்து வேலை செய்தது. கார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதிய சிமுலேட்டர் அது. ஓடும்போது தெரியும்.

அப்படியானால் இன்னொன்று வாங்கலாமா? என் அளவுகோல் ஒன்றே: புதியது உங்கள் காலிடம் வேறொன்றைக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அது பழையதன் புதிய மட்டை. அசெட்டோ கோர்சா இருப்பவர், 2025 ஜனவரியில் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்த அதன் புதிய பதிப்பான ஈவோவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஐரேசிங் மிகச் சிறந்தது. ஆனால் மாதச் சந்தா, அதற்குமேல் ஒரு கார் ஏறக்குறைய 12 டொலர், ஒரு திடல் ஏறக்குறைய 15 டொலர். 2022இல் ரூபா விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு டொலர் சந்தா என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மனிதரோடு போட்டியிட்டே ஆகவேண்டும், இணைய இணைப்பும் உறுதியானது என்றால் மட்டும் சேருங்கள்.

புதிதாக ஒன்று வேண்டுமே வேண்டும் என்றால் கிரவல் வீதியில் ஓடும் ரலிக்குப் போங்கள். 2019இல் வந்த டேர்ட் ரலி 2.0, அல்லது 2001இன் உலக சம்பியன் பெயரில் 2004இல் வந்த ரிச்சர்ட் பேர்ன்ஸ் ரலி. ஏன் தெரியுமா? கிரவலில் எல்லாமே தலைகீழ். பிரேக்கில் சுழலாமல் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்து அதிலேயே நிற்கும். வளைவுக்கு முன்பு எதிர்ப்பக்கம் வெட்டி, பாரத்தை வீசி, பிரேக்கை விடும் கணத்தில் கார் தானாகத் திரும்பும். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய பெடியனுக்கு இது பாதி தெரிந்த பாடம். ஐரோப்பாவில் தார்வீதி மட்டுமே கண்டு வளர்ந்தவரைவிட நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள்.

இன்னும் ஒன்று, உங்களுக்காகச் சொல்கிறேன். கையில் காசு இருந்தால் கேம் வாங்காதீர்கள், நல்ல மிதி வாங்குங்கள். கால் எவ்வளவு தூரம் போனது என்று அளப்பதைவிட, எவ்வளவு அழுத்தியது என்று அளக்கும் லோட் செல் பிரேக் மிதி. தூரத்தைக் கால் மறந்துவிடும், அழுத்தத்தை மறக்காது. ஓரளவான ஸ்டியரிங்கும் அப்படி ஒரு மிதியும் இருந்தால், இருக்கும் பழைய சிமுலேட்டரே புதிதாகத் தெரியும். வீட்டில் "இந்த வயதிலும் விளையாட்டோ" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வேலை முடிந்து வந்து இரவில் அரை மணித்தியாலம் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் ஒரு தடவை சரியாக விட்டபோது வருகிற நிம்மதி, வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மாதம் எதையும் வாங்கவேண்டாம். இருப்பதைத் திறந்து, ஒரு மெதுவான காரையும் ஒரு வளைவையும் தெரிந்தெடுத்து, பிரேக்கை விடப் பழகுங்கள். அது கைவந்த பிறகும் இன்னொன்று வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். கைவராத முன்பு நூறு வாங்கினாலும் நூறிலும் சுற்றிக்கொண்டுதான் நிற்பீர்கள்.