மறுப்பின் சாதி

ரத்தம் குடுக்க மாட்டோம் என்று சேரிச் சனம் சொன்னால் அதை எப்படி வாசிப்பது? இதை நான் இலக்கியக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். மறுப்பும் ஒரு பேச்சுதான். பேசினது யார் என்று பார்த்த பிறகுதான் இங்கே பேச்சுக்கு அர்த்தம் வைக்கிறார்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடப்பது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அதற்குள் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. விசாரிக்க வந்த ஆட்சியர் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கோயிலுக்குள் தலித்துகளை விடாததையும் நேரில் கண்டார். அந்தச் சாட்சியத்துக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. ஏப்ரலில் 11 பேரிடம் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. 3 பேர் கொடுத்தார்கள். வேங்கைவயல்காரர்கள் 8 பேர் மறுத்தார்கள். அந்தத் தண்ணியக் குடிச்சது நாங்க, எங்களையே குற்றவாளி ஆக்கப் பாக்குறீங்களா என்பதுதான் அவர்கள் நியாயம். பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் ஜூலையில் அவர்களிடமும் ரத்தம் எடுக்கப்பட்டது.

இந்த மறுப்புக்கு ரெண்டு வாசிப்பு உண்டு. மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு என்பது ஒன்று. பாவம், வெள்ளந்திச் சனம், போலீசைக் கண்டு மிரளுது என்பது இன்னொன்று. இந்த ரெண்டாவது நம்மை ஆதரிக்கிறவர்கள் வாயில் வருவது. முதல் வாசிப்பு மறுத்தவரைக் குற்றவாளி ஆக்குகிறது, அடுத்தது குழந்தை ஆக்குகிறது. ரெண்டிலும் அவர் யோசித்து முடிவெடுத்த மனுசராக இல்லை.

இன்னொரு மறுப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் விரல் ரேகை பதிய மாட்டோம் என்று பிறமலைக் கள்ளர்கள் நின்றார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் போலீஸ் கையால் செத்தார்கள். ரேகைச் சட்டம் என்று சனங்கள் பேர் வைத்த அது பிறப்பையே குற்றமாக்கிய சட்டம். அதை எதிர்த்தது நியாயம். அங்கே நினைவுத்தூண் நிற்கிறது, வருசா வருசம் அஞ்சலி நடக்கிறது. ஆதிக்க சாதிகளின் கையால் நம் சனம் பட்டதை மறக்காமலேதான் இதையும் சொல்கிறேன். அவர்கள் முடியாது என்றது மானம் என்று எழுதப்பட்டது. நாம் முடியாது என்றால் சந்தேகம் என்று எழுதப்படுகிறது.

சட்டத்தைக் கேட்போம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3)ஆவது பிரிவு. ரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நார்கோ சோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்று 2010இல் செல்வி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ரத்தத்துக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. 2022இல் வந்த அடையாளம் காணும் சட்டம் உடல் அளவுகளையும் மாதிரிகளின் பதிவுகளையும் 75 வருசம் வைத்திருக்கலாம் என்கிறது. அந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து உண்டு. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரானதல்லாத, 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில் கைதானவர் ரத்தம் போன்ற மாதிரிகளைத் தர மறுக்கலாம். கைதானவருக்கே அந்த இடம் இருக்கும்போது, கைதே ஆகாத 8 பேர் மறுத்ததுதான் கண்ணை உறுத்தியது.

ரத்தம் பேசாது என்று சட்டம் சொல்லிக்கொள்ளட்டும். பிறந்த ரத்தத்தை வைத்துத்தானே நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினான்? சேரிக்காரன் உடம்பை அவன் வாய்க்கு முன்னாலேயே பேச வைத்துவிடுகிற நாடு இது.

ரத்தம் எடுத்தும் என்ன ஆச்சு? மொத்தம் 31 பேரிடம் எடுத்தார்கள். யாருடையதும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே வேங்கைவயலின் தலித்துகள் 3 பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. கைப்பேசிப் பதிவுகளை ஆதாரமாகக் காட்டியது. ஊர்ச் சனம் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டது. குற்றம் செய்தது யார் என்பது நீதிமன்றத்தில் தீர வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த வழக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்த 8 பேர் 2023லேயே சொல்லிவிட்டார்கள். அதைப் பயம்னு சொன்னா அது நம்ம வாசிப்போட வறுமை. அந்த வழக்கை நம்மைவிட நன்றாக வாசித்தவர்கள் அவர்கள்தான்.

தலித் எழுத்து இதுவரை பட்ட பாட்டைத்தான் அதிகம் சாட்சியமாக எழுதியிருக்கிறது. அடி, தீ, தீட்டு, பட்டினி எல்லாம் பதிவாகியிருக்கிறது. முடியாது என்று நம் சனம் சொன்ன இடங்களையும், சொன்னதற்கு வைத்திருந்த காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாம் எழுதாவிட்டால் அது போலீஸ் குறிப்பில் ஒத்துழைக்கவில்லை என்ற ஒற்றை வரியாகத்தான் மிஞ்சும்.