ஓய்வையும் ஓட்டக் கணக்கில் எழுதுங்கள்

2022 ஜூலை 2, 3 தேதிகளில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஆசிய–ஓசியானிய 24 மணி நேர ஓட்டச் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவின் அமர் சிங் தேவந்தா ஒரு பகலும் ஓர் இரவும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, 257.618 கி.மீ. கடந்து தனிநபர் தங்கம் வென்றார். ஆண்கள் அணிப் பிரிவிலும் இந்தியாவுக்கே தங்கம். அவருடைய சராசரியைப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 35 விநாடி. தண்ணீர் குடித்த நேரம், ஷூ மாற்றிய நேரம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

அடையாறு காந்தி நகரிலோ மெரினாவிலோ காலையில் 10 கி.மீ. ஓடுகிறவர்களில் பலர் இந்த வேகத்தைத் தொட்டுவிடுவார்கள், ஒரு மணி நேரத்துக்கு. அதையே 24 மணி நேரம் தாங்குவதுதான் அல்ட்ரா ஓட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் 319.614 கி.மீ. ஓடி உலக சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம். இந்தப் பந்தயங்களில் வேகமாக ஓடத் தெரிந்தவரைவிட, குறைவாகத் தளர்பவரே முன்னால் வருகிறார். தளராமல் இருப்பதற்கு உழைப்பு எவ்வளவு தேவையோ, அந்த உழைப்பை உடம்பு ஏற்றுக்கொள்ள ஓய்வும் அவ்வளவு தேவை.

42.195 கி.மீ. மாரத்தானைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிந்த கையோடு, ‘அடுத்து ஒரு ஐம்பது போடலாமா?’ என்ற பேச்சு பெசன்ட் நகர் கடற்கரையில் ஆரம்பமாகிவிடும். கொஞ்சம் பழகியவர்கள் ஜவ்வாது மலைக்கும் பெங்களூருவின் 12 மணி நேர ஓட்டங்களுக்கும் போகிறார்கள். துணிந்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மெட்ரோ பணிக்காகத் தோண்டிப்போட்ட லஸ் முனையையும் பனகல் பூங்காவையும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடும் இவர்களிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. குறை அட்டவணையில் இருக்கிறது. குளிர்நாட்டில் ஓடுகிறவருக்காக எழுதிய வாராந்திரக் கிலோமீட்டர் கணக்கைச் சென்னையில் அப்படியே ஓடினால் உடம்பு பழுதாகும். இந்த ஊரில் உஷ்ணமும் புழுக்கமும் தனிப் பயிற்சிச் சுமை. அதைச் சேர்க்காமல் எழுதும் டைரி பாதிக் கணக்குதான்.

வடியும் வியர்வை வீண்

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெறும் சூடாக மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுதும் ஆவியானால் கிட்டத்தட்ட 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முக்கால் லிட்டர் வியர்வையாவது ஆவியாக வேண்டும். கீழே சொட்டுவது இந்தக் கணக்கில் சேராது.

ஞாயிறு காலை 7 மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் லாங் ரன் முடித்துப் படிக்கட்டில் உட்காருகிறவர்களின் கால்களைப் பாருங்கள். மழை பெய்திருக்காது, ஆனாலும் சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். டீ-ஷர்ட்டின் விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். ஷூவுக்குள் இறங்கிய அந்த வியர்வை உடம்பை ஒரு டிகிரிகூடக் குளிர்விக்கவில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாக இடமில்லை. உடம்பு மேலும் வியர்க்கிறது, தோலுக்கு மேலும் ரத்தத்தை அனுப்புகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதனால்தான் ஜனவரியில் சுலபமாக வரும் அதே வேகம் மே மாதத்தில் மூச்சு வாங்க வைக்கிறது.

ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பி ஓடாதீர்கள். இதயத் துடிப்பைப் பாருங்கள். அந்தக் கருவி இல்லையென்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது ஈஸி ரன் இல்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவதைவிட, காலில் நின்ற நேரத்தை மணிக்கணக்கில் எழுதுவது இங்கே பொருத்தம்.

கத்திரியில் காம்ரேட்ஸ்

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கி.மீ. நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தை, முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக 1921-ல் விக் கிளாப்பம் தொடங்கினார். 12 மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு விநாடி பிந்தி வந்தாலும் பதக்கம் கிடையாது. ஓட்டம் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். அங்கே அது குளிர்காலம். அதற்கான உச்சப் பயிற்சி ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் விழுகிறது. இங்கே அது கோடையும் கத்திரியும். விடியற்காலையிலேயே வெப்பம் 27, 28 டிகிரி.

இதில் ஒரு நன்மையும் உண்டு. 10 முதல் 14 நாள் வெயிலில் மெதுவாகப் பழகினால் ரத்தத்தில் நீர்ப் பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. குளிர்ந்த ஊரில் போய் ஓடும்போதும் இது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் கத்திரியில் ஐந்து மணி நேர லாங் ரன் போட்டால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். ஐந்து மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை மாலை கடல் காற்று வந்தபின் இரண்டு மணி நேரம், ஞாயிறு விடியலில் மூன்று மணி நேரம். அசந்த காலோடு ஓடும் பயிற்சியும் கிடைக்கும், உடம்புச் சூடும் எல்லை மீறாது. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்காவது இறக்க வேண்டும்.

சூட்டுக்கேற்ப நேரத்தைப் பிரித்துக்கொள்ளும் அறிவு நம் ஊருக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் பக்தர்களைக் கவனியுங்கள். இருட்டிலும் அதிகாலையிலும் நடக்கிறார்கள். உச்சி வெயிலில் மர நிழலிலோ மண்டபத்திலோ படுத்துவிடுகிறார்கள். கஞ்சியும் மோரும் குடித்து, 300 கி.மீ.க்கு மேலான வழியைப் பல நாளில் கடக்கிறார்கள். எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்காமல் நேரத்தையும் சூட்டையும் பங்கு பிரித்துக்கொண்ட இவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

சென்னைக்கு இன்னொரு குறை, தரை சமதளம். மலைப்பாதையில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை நார் கிழிவது அங்கேதான். இறக்கத்தில் ஒரு முறை அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலி குறைவாகத் தாங்கும். அதனால் வாரம் ஒரு முறை திரு.வி.க. பாலத்திலோ ஏதேனும் மேம்பாலத்தின் நடைபாதையிலோ ஏறி இறங்குங்கள். பரங்கிமலைப் படிகளும் உண்டு. பந்தயத்துக்கு முன் இரண்டு, மூன்று வார இறுதிகளை ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ ஒதுக்கினால் இன்னும் நல்லது.

எவ்வளவு குடிப்பது?

உங்கள் வியர்வை அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 70 கிலோ 69 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்த்தது ஒன்றரை லிட்டர். அது அத்தனையையும் திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. உடல் எடையில் 2, 3 சதவீதம் குறைவது நீண்ட ஓட்டத்தில் இயல்பு. எடை கூடினால்தான் ஆபத்து.

1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒருவர், அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கிவிழுந்தார். அந்த நிகழ்வையும் அதுபோன்ற சிலவற்றையும் ஆராய்ந்து 1985-ல் மருத்துவர் டிம் நோக்ஸ் எச்சரித்தார். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, குமட்டல், விரல் மோதிரம் இறுகுவது, பேச்சுக் குழறல் ஆகியவை வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தாகத்துக்குக் குடிப்பதே பாதுகாப்பான விதி.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாம் நல்லவை. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வயிற்றில் தங்குமா என்பதை லாங் ரன்களில் பழகிப் பார்க்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பந்தய நாளில் புது ஜெல், புது ஷூ இரண்டும் வேண்டாம்.

அந்த ஒரு மாத்திரை

‘சார், ஒரு பெயின்கில்லர் போட்டுக்கிட்டா முடிச்சிடலாம்ல?’ ஒவ்வொரு பந்தயத்திலும் கேட்கும் கேள்வி இது. கூடாது என்பதே பதில். 80 கி.மீ. ஓட்டத்தில் பங்கேற்றவர்களுக்கு இப்யூபுரூஃபனும், மருந்தில்லாத போலி மாத்திரையும் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. இப்யூபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. உடைந்த தசையின் கழிவு, நீர்க்குறைவு, உஷ்ணம் மூன்றையும் சிறுநீரகம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைப் போடுவது அநியாயம். சென்னைப் புழுக்கத்தில் இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

பலருடைய அட்டவணை ஃபினிஷ் கோட்டில் முடிந்துவிடுகிறது. ஞாயிறு பெங்களூரில் 12 மணி நேரம் ஓடிவிட்டு, இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கி, திங்கள் காலை தரமணி அலுவலகத்தில் கணினியைத் திறக்கிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறே ‘ரெக்கவரி ரன்’ என்று 15 கி.மீ. ஓடுகிறார்கள். இரண்டே மாதத்தில் முழங்கால், குதிகால், காய்ச்சல் என்று வரிசையாக வருகிறது.

முதல் மணி நேரம்: சட்டென்று படுக்காமல் பத்து நிமிடம் நடங்கள். உப்புள்ள உணவு, தாகத்துக்கு நீர். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தாலோ, பல மணி நேரமாக வராமலே இருந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் வாரம்: ஓட்டமே வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மாடிப்படி இறங்குவதுதான் அதிகம் வலிக்கும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் மெதுநடை போதும். அந்த வாரம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்ளாதீர்கள். உடைந்த தசையிலிருந்து வரும் நொதிகள் கல்லீரல் பரிசோதனையிலும் கூடுதலாகக் காட்டி, வீண் பயத்தைக் கொடுக்கும். வேறு காரணத்துக்குச் சோதனை தேவைப்பட்டால், ஓடியதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாரம் 20, 30 நிமிட ஈஸி ரன், ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் எழுந்ததும் நாடி பாருங்கள். வழக்கத்தைவிட ஐந்தாறு துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று ஓட்டம் இல்லை. நான்காம் வாரத்துக்கு முன் வேகப் பயிற்சி வேண்டாம். மனம் சோர்ந்து கிடப்பதும் மீள்வதன் ஒரு பகுதிதான்.

தசை திரும்ப வளர ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 70 கிராமுக்கு மேல். இட்லி, சாம்பார், தயிர்சாதத்தில் மாவுச்சத்து தாராளம், புரதம் போதாது. முட்டையோ மீனோ சாப்பிடாதவர்கள் சுண்டல், முளைகட்டிய பயறு, பன்னீர், பால் என்று ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும். பெண்கள் பயிற்சி தொடங்கும் முன்பே, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாமல் ஏற்றும் கிலோமீட்டர்கள் களைப்பைத்தான் சேர்க்கும்.

1981 முதல் 1988 வரை தொடர்ந்தும், 1990-ல் மறுபடியும் என ஒன்பது முறை காம்ரேட்ஸ் வென்றவர் புரூஸ் ஃபோர்டைஸ். பயிற்சி மிகையாகிவிட்ட நிலையில் நிற்பதைவிட, கொஞ்சம் குறைவாக, புத்துணர்ச்சியோடு நிற்பது மேல் என்று அவர் வலியுறுத்தி வந்திருக்கிறார். ஒன்பது வெற்றிக்குப் பிறகும் ஒருவர் ஓய்வைப் பற்றிப் பேசினால் நாம் காது கொடுக்க வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. நம் கடலோரத்தில் நீண்ட ஓட்டம் வைத்தால், இரவில் தொடங்கட்டும். ஒவ்வொரு மருத்துவ முகாமிலும் ஒரு ஐஸ் தொட்டி இருக்கட்டும். உடம்புச் சூடு 40 டிகிரி தாண்டிக் குழம்பிப்போனவரை முதலில் குளிர்வித்து, பிறகே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். பதக்கத்தையும் டீ-ஷர்ட்டையும்விட இந்தத் தொட்டிக்குத்தான் முதல் பணம் போக வேண்டும்.

ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த அல்ட்ராவுக்குப் பணம் கட்டும் அன்றே, பந்தயம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கடுத்த நான்கு வாரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி லாங் ரன்களை நிரப்புங்கள். அப்படித் திட்டமிடுகிறவர் இந்தப் பந்தயத்தை முடிப்பார். பத்து வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பார்.