வெள்ளிக்கிழமைத் தபால்

காப்பி டப்பாவின் அடியைக் கத்தியால் சுரண்டுகிறார், எழுபத்தைந்து வயதான ஒருவர். தூளோடு டப்பாவின் துருவும் சேர்ந்து விழுகிறது. தேறுவது ஒரே ஒரு கப். ஆஸ்துமாவில் ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதைக் கொடுத்துவிடுகிறார். உங்களுக்கு எங்கே என்று அந்தம்மா கேட்டால், நான் அப்பவே குடிச்சாச்சு என்று ஒரு பொய்.

கேப்ரியல் கார்ஸியா மார்க்வெஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1961-ல் புத்தகமாக வந்த குறுநாவல். 'நூறு வருடத் தனிமை'யைக் கையில் எடுத்துப் பார்த்து, கனத்துக்குப் பயந்து திரும்ப வைத்தவரா நீங்கள்? தைரியமாக இதில் தொடங்குங்கள். ஆகாயத்தில் பறக்கும் பெண், மஞ்சள் பூ மழை எதுவும் இதில் கிடையாது. பசி உண்டு.

கொலம்பியாவில் 1899-லிருந்து 1902 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தோற்ற கட்சியில் இருந்தவர் நம் கர்னல். புரட்சிப் படையின் கஜானாவை இரண்டு பெட்டிகளில் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டுபோய், காசு குறையாமல் ஒப்படைத்தவர். அதற்கான பென்ஷன் வரும் என்று பதினைந்து வருஷமாக, வெள்ளிக்கிழமைதோறும் படகுத்துறைக்குப் போய் நிற்கிறார். தபால் வருகிறது. அவருக்கு மட்டும் வருவதில்லை.

மார்க்வெஸின் தாத்தாவும் அதே போரில் கர்னலாக இருந்தவர்தான். 1937-ல் சாகும்வரை பென்ஷனுக்குக் காத்திருந்தார், வரவில்லை. பேரன் இதை எழுதியது பாரீஸில், வேலை பார்த்த பத்திரிகை மூடப்பட்டு, ஓட்டல் வாடகை பாக்கியோடு இருந்தபோது. அதனால்தானோ என்னவோ, இதில் பசியை எழுதியவிதம் அத்தனை துல்லியம். அடுப்பு எரியாதது அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று, பானையில் கல்லைப் போட்டுக் கொதிக்க வைக்கிறாள் மனைவி.

அவர்களுடைய ஒரே மகன் அகுஸ்தீன், தையல்காரன். சேவல் சண்டை நடந்த இடத்தில் ரகசியத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவன். அவன் விட்டுப்போன தையல் மெஷினை விற்றுச் சாப்பிட்டாயிற்று. மிச்சம், அவனுடைய சண்டைச் சேவல். ஜனவரி 20-ம் தேதி சண்டை. அதுவரை சேவலுக்கும் தீனி போட்டாக வேண்டும். விற்றுவிடுங்கள் என்கிறாள் மனைவி. மாட்டேன் என்கிறார் கர்னல்.

இந்தக் கதையை மானத்தின் கதை என்று கொண்டாடுவார்கள். வளைந்து கொடுக்காத முதுகெலும்பு, ஊருக்கே நம்பிக்கையாகிவிட்ட சேவல் என்றெல்லாம். சரிதான். ஆனால் ஒரு தடவை அந்தம்மா பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். கர்னல் மானத்தோடு இருக்கிறார். அந்த மானத்துக்குத் தினமும் சமைத்துப் போடுவது யார்? கல்யாண மோதிரத்தை அடகு வைக்கப் பாதிரியாரிடம் போய், அது பாவம் என்று சொல்லக் கேட்டுத் திரும்பியவள் அவள். சேவலுக்கு வந்த சோளத்திலேயே கஞ்சி காய்ச்சி, சேவல் தன் பங்கில் கொஞ்சம் கொடுத்தது என்று சிரிக்கவும் தெரிந்தவள். மகனைப் பறிகொடுத்தவளும்கூட.

கர்னல் கொடுமைக்காரர் இல்லை. குடும்பத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதுதான் சிக்கல். காப்பியை விட்டுக் கொடுக்கத் தெரிந்தவருக்குச் சேவலை விட்டுக் கொடுக்க முடியவில்லை. காப்பி அவருடைய பங்கு. சேவல் செத்துப்போன பிள்ளை. இருக்கிறவளுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மார்க்வெஸ் தீர்ப்பு சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் சம அளவில் நல்ல வசனங்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கதையில் இருவருக்கும் பெயரே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? இறந்துபோன மகனுக்கு இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. தலைப்பு கர்னலுக்குப் போய்விட்டது. அந்தம்மாவுக்கும்தான் யாரும் எழுதவில்லை.

கடைசிப் பக்கத்தில், அதுவரைக்கும் நாம் என்னத்தைச் சாப்பிடுவது என்று அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். கர்னல் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறார். அதை இங்கே அச்சடிக்க முடியாது. புத்தகத்தை வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். படித்து முடித்ததும், அந்த பதிலைக் கேட்டவள் மறுநாள் காலை அடுப்படியில் என்ன செய்திருப்பாள் என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.