நிரல் எழுதத் தெரிந்தால் போதுமா?

2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் உடன் வருகிறது. வேலையிழந்த மென்பொருள் பொறியாளர்களுக்குச் சில மாதப் பயிற்சி அளித்து, பள்ளிகளில் கணிப்பொறி ஆசிரியர்களாக அமர்த்தினால் என்ன என்பதே அது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களைக் கொண்ட மதுரையில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றும். ஆனால், இந்த யோசனை இரண்டு உண்மைகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

முதலாவது, நம்மிடம் குறைவாக இருப்பவை ஆசிரியப் பணியிடங்களே, ஆசிரியர்கள் அல்லர். கணினி அறிவியலில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றுக் காத்திருப்போர் தமிழ்நாட்டில் ஏராளம். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் கணினிப் பயிற்றுநர் பணிக்குத் தேர்வு நடத்தியபோது மாநிலம் முழுமைக்கும் இருந்த இடங்கள் 814. மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் தனிப்பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ அது தனிப்பாடமே அன்று. அறிவியல் நூலின் கடைசிப் பகுதியில் ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளைப் பற்றிய ஒரு பாடமாக ஒதுங்கி நிற்கிறது. தனிப்பாடம் இல்லாத இடத்தில் தனி ஆசிரியர் எப்படி வருவார்? இந்நிலையில் பி.எட். படித்தவரைக் காக்க வைத்துவிட்டு, வேறொருவருக்குக் குறுகிய காலப் பயிற்சி தருவது நியாயமும் அன்று, சிக்கனமும் அன்று.

இரண்டாவது உண்மை இதைவிட முக்கியமானது. ஒன்றைச் செய்யத் தெரிவது வேறு. கற்பிக்கத் தெரிவது வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் கற்பிக்கப்படும் ‘பைத்தான்’ மொழியில் எழுதிய மூன்று வரிகளைப் பாருங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது ‘ஆ’வின் மதிப்பு என்ன? 5 என்பதே விடை. ஆனால், புதிதாகக் கற்கும் மாணவர் பலர் 7 என்பார்கள். அது அறியாமையால் வரும் விடை அன்று. இயற்கணித வகுப்பில் சமக்குறி என்றால் இருபுறமும் எப்போதும் சமம் என்று நாம்தானே கற்பித்தோம்? போதாக்குறைக்கு, கணிப்பொறியின் அட்டவணைச் செயலியில் ஒரு கட்டத்தை மற்றொரு கட்டத்துக்குச் சமம் என்று எழுதினால், முதல் கட்டம் மாறும்போது இரண்டாவதும் மாறிவிடுகிறது! நிரலிலோ சமக்குறி ஒரு கட்டளை. வலப்புற மதிப்பை அந்த நொடியில் எடுத்து இடப்புறப் பெயருக்குக் கொடு என்பது அதன் பொருள். பிறகு ‘அ’ மாறினாலும் ‘ஆ’ மாறாது.

பத்தாண்டுகள் நிரல் எழுதியவருக்கு இந்த ஐயம் தமக்கும் ஒருகாலத்தில் இருந்தது என்பதே நினைவிராது. மாணவனின் தவறான விடைக்குப் பின்னே உள்ள சரியான காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் தொழில். பாடப்பொருளோடு பின்னிப் பிணைந்த இந்தக் கற்பித்தல் அறிவைத் தனி அறிவாகக் கருத வேண்டும் என்று 1986இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் வலியுறுத்தினார். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தமிழ்வழியில் பயிலும் மாணவிக்கு இன்னொரு தடையும் உண்டு. கணிப்பொறி தன் பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் காட்டுகிறது. மொழி புரியவில்லையா, நிரல் புரியவில்லையா என்று அவளுக்கே தெரியாது. அதைப் பிரித்தறிந்து தமிழில் விளக்கும் திறன் அலுவலக அனுபவத்தால் மட்டும் வந்துவிடாது.

அப்படியானால் பொறியாளர்களுக்குப் பள்ளியில் இடமே இல்லையா? நிச்சயமாக உண்டு. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் கெவின் வாங் 2009இல் தொடங்கிய ‘டீல்ஸ்’ திட்டத்தில் பொறியாளர் தனியே வகுப்பெடுப்பதில்லை. வகுப்பாசிரியரோடு சேர்ந்து கற்பிக்கிறார். பொறியாளரிடமிருந்து ஆசிரியர் பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். பிறகு தாமே தனித்து நடத்துகிறார். பொறியாளர் விலகினாலும் பாடம் பள்ளியில் தங்கிவிடுகிறது. தொழில்துறை மீண்டும் தழைத்ததும் பொறியாளர்கள் பழைய வேலைக்குத் திரும்பக்கூடும் என்பதால், நமக்கு இதுவே ஏற்ற முறை.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. உயர்நிலை வகுப்புகளில் கணினி அறிவியலைத் தனிப்பாடமாக்கிப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். அவற்றில் முறையாகப் பயின்று காத்திருப்போரை அமர்த்த வேண்டும். வேலையிழந்த பொறியாளர்களைத் தக்க ஊதியத்துடன் அவர்களுக்குத் துணையாக அழைக்க வேண்டும். அவர்களில் ஆசிரியப் பணியை மனமார விரும்புவோர் பி.எட். படித்து, எல்லோரும் எழுதும் தேர்வை எழுதி வரட்டும். இரு கை நீட்டி வரவேற்போம். வேலையிழந்தோர் மீது பரிவு காட்ட வேண்டியதுதான். ஆனால், அந்தப் பரிவின் செலவைத் தமிழ்வழி மாணவர்களின் தலையில் கட்டக்கூடாது.