பாவம் போயிற்று, பாடம் வந்ததா?

பூதப்பாண்டியிலே பள்ளி செல்லும் சிறுவன் பாடநூலைத் திறக்கிறான். தீண்டாமை மனிதநேயமற்றது, பெருங்குற்றம் என்று முன்பக்கம் முழங்குகிறது. அவன் தந்தை படித்த நூலிலோ மூன்று வாசகங்கள். முதலாவது, தீண்டாமையைப் பாவம் என்றது. 2018 முதல் வந்த புதிய நூல்களிலே பாவம் போயிற்று. போனது நன்றே! பாவம் குளத்தில் முழுகினால் கரையும், உண்டியலில் காசிட்டாலும் கரையும். குற்றத்துக்கோ கூண்டு உண்டு, தண்டனை உண்டு.

ஆனால் உள்ளே புரட்டினால்? அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்டது, 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது என்று நாள்களின் அணிவகுப்பு. சமத்துவமும் சகோதரத்துவமும் அர்ச்சனை மந்திரம்போல் ஒப்பிக்கப்படுகின்றன, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. தம்பி, 17ஆம் பிரிவு யாருக்காக வந்தது, உன் மண்ணிலே என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறான். குற்றம் அவனுடையதா? இல்லை என்போம்.

விடை அவனைச் சுற்றியே கிடக்கிறது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் கிடந்து, 1956 நவம்பர் 1இல் தாயகத்தோடு இணைந்த மண் இது. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று 1859இல் ஆணை பிறந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாதாம்! கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சுசீந்திரத்தில் அறப்போர் வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதை மன்னரின் பெருங்கருணை என்று போற்றுவோர் இன்றும் உளர். கருணையாகக் கொடுத்ததைக் கோபத்தில் பறிக்கலாமே! 17ஆம் பிரிவு கருணை அன்று, உரிமை. மக்களாட்சியின் அடிப்படையே இந்த வேறுபாடுதான். அதைத்தான் வகுப்பறை விழுங்கிவிடுகிறது.

பேச்சுரிமைப் பாடத்துக்கும் வெளியூர் போகவேண்டாம். இதே பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவா, பகத்சிங்கின் நாத்திக விளக்கத்தைத் தமிழாக்கியதற்காக வெள்ளையராட்சியில் கைது செய்யப்பட்டார்.

குறையைச் சொன்னால் மாணவனுக்கு நாட்டுப்பற்று குறையும் என அஞ்சுகிறார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். 1776இல் மாந்தர் யாவரும் சமம் என்று பிரகடனம் தீட்டிய ஜெபர்சன், நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர்! அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1865இல். இரண்டையும் சேர்த்துக் கற்றவனே அந்தப் பிரகடனத்தின் பெருமையையும் அறிவான், அதன் கடனையும் அறிவான். அரசியலில் சமத்துவம், சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டை அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் மறைத்தா பேசினார்?

ஆசிரியப் பெருமக்களே! 1936 பிரகடனத்துக்கும் 17ஆம் பிரிவுக்கும் வேறுபாடு என்ன என்று ஒரு வினாவைத் தேர்வில் வையுங்கள். பிள்ளைகளைச் சுசீந்திரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கோபுரத்தின் உயரம் கிடக்கட்டும். தேரோடும் வீதியில் நிறுத்தி, இங்கே நடக்க யாருக்குத் தடை இருந்தது என்று கேளுங்கள்.